கொல்லம்–திருமங்கலம் நான்குவழிச்சாலை: மலையடிவாரத்தை வெட்டிக்கொண்டு போகும் புதுத் தடம் வேண்டாம்

புளியரை வயக்காடு எழுதியது:

தேசிய நெடுஞ்சாலை 744, நம்ம கொல்லம்–திருமங்கலம் ரோடு பற்றித்தான். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நடந்த நான்குவழி வேலையைப் போகிற வருகிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்த கட்டம் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வட்டாரம் வழியாகச் செங்கோட்டைக்கும் கேரள எல்லைக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கடம்பாட்டுகோணத்தில் ஆரம்பித்து இடமண் வழியாக ஆரியங்காவு வரை சுமார் 60 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பெரும்பகுதி புதுத் தடம். வயலுக்கும் தோப்புக்கும் நடுவே புதுசாக ஒரு கோடு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம்ம சீமையில் உயிரோடு இருக்கிற எல்லாம் மேற்கே பிறந்து கிழக்கே இறங்குகிறது. குண்டாறு, அனுமன்நதி, கருப்பாநதி எல்லாம் மலையிலிருந்து இறங்கிச் சிற்றாற்றோடு சேர்ந்து சீவலப்பேரியில் தாமிரபரணிக்குப் போகிறது. போகிற வழியில் அணைக்கட்டில் திரும்பிக் கால், அதாவது வாய்க்கால் வழியாக ஒரு குளம், அது பெருகி மறுகால் போனால் அடுத்த குளம், அதன் மறுகால் அதற்கடுத்த குளம். யானையும் மிளா மானும் இறங்கி ஏறுகிற தடமும் அதே கிழக்கு மேற்குதான். இந்தச் சாலையோ வடக்கே இருந்து தெற்கே வருகிறது. ஆகவே ஒரு கால், ஒரு மறுகால், ஒரு தடம்கூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டித்தான் அது செங்கோட்டைக்கு வந்து சேர முடியும்.

நிலம் எடுப்பதை ஏக்கர் கணக்கில் மட்டும் பேசுகிறோம். 45 மீட்டர் அகலம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 11 ஏக்கர், 60 மீட்டர் என்றால் 15 ஏக்கர் போகும். ஆனால் ஒரு மறுகால் அடைபட்டால் அதற்குக் கிழக்கே இருக்கிற குளங்களும், அந்தக் குளங்களை நம்பின கார், பிசானம் என்கிற இரண்டு நெல் பட்டமும் போகும். அந்த வயல்களுக்கு நோட்டீஸும் வராது, நஷ்டஈடும் வராது. தன் நிலம் போகவில்லை என்று சும்மா இருக்கிறவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும்.

கருத்து இருக்கிறவர்கள் எழுதுங்கள். ஆதரிக்கிறவர்களும் எழுதுங்கள், மரியாதையாகப் பேசிக்கொள்வோம்.


பதினாறு சக்கரம் எழுதியது:

அண்ணாச்சி, நான் புனலூர். அப்பா காலத்திலிருந்து லாரித் தொழில். பாவூர்சத்திரம், சுரண்டை மார்க்கெட்டிலிருந்து ராத்திரி காய்கறி ஏற்றினால் விடியும் முன்னே கொல்லம் போய் இறக்கணும். புளியரை எஸ் வளைவில் எதிரே ஒரு கண்டெய்னர் வந்தால் நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். 2024 பிப்ரவரியில் பிளைவுட் ஏற்றி வந்த லாரி அந்த மலைப்பாதையிலிருந்து உருண்டு கீழே தண்டவாளத்தில் விழுந்ததை மறந்துவிட வேண்டாம். நடுராத்திரியில் உங்கள் புளியரையைச் சேர்ந்த கணவன் மனைவி இரண்டு பேரும் டார்ச் லைட்டோடு ஓடிப்போய் ரயிலை நிறுத்தினார்கள். லாரி டிரைவர் செத்துப்போனார். அந்த ரோடு அப்படியே இருக்கணும் என்கிறீர்களா?

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டி வேறு. செங்கோட்டை, தென்காசிக்குள்ளே ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் திறந்தாச்சு. இனி சரக்கு கூடுமே தவிரக் குறையாது. தண்ணீர் போகப் பாலம் வையுங்கள் என்று கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ரோடே வேண்டாம் என்றால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?


வடகரை பாய் எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எஸ் வளைவு ஆபத்துதான், அதை யாரும் மறுக்கவில்லை. அங்கே பாதையைச் சரிசெய்ய 70 கிலோமீட்டர் வயலை எடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊர்ச் செய்தியைச் சொல்கிறேன். வடகரை, மேக்கரை, பண்பொழி மூன்றும் அடவிநயினார் அணைக்குக் கீழே இருக்கிற ஊர்கள். அணை 132 அடி. தென்னை, மா, வாழை, நெல். மலை ஒட்டிய தோப்பில் யானை இறங்காத வருஷம் கிடையாது. ஒரே ராத்திரியில் தென்னங்கன்றுகளின் குருத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்விடும், வாழையை மிதித்துத் துவம்சம் பண்ணும். எனக்கும் நஷ்டம் ஆகியிருக்கிறது. யானை மேல் கோபப்படுகிற நாளும் உண்டு. ஆனாலும் ஒன்று பார்த்திருக்கிறேன்: அது வருகிற வழி எங்களுக்குத் தெரியும், போகிற வழியும் தெரியும். ஓடை வழியாக இறங்கும், விடியும் முன்னே அதே ஓடையில் ஏறிவிடும். தோப்புக்காரர்கள் அந்தப் பக்கம் ராத்திரி போகமாட்டோம். அவ்வளவு காலமும் அப்படித்தான் ஒத்துப்போயிருக்கிறோம்.

மலைக்கும் தோப்புக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேலே மண்மேடு, அதன் மேல் இரும்புத் தடுப்பு, நடுவில் காங்கிரீட் சுவர், ராத்திரி முழுக்க லைட் என்று வந்தால் அந்த வழி என்ன ஆகும்? மேட்டுக்குக் கிழக்கே மாட்டிக்கொண்ட யானை விடிந்த பிறகும் ஊருக்குள்தான் நிற்கும். மேற்கே தடுக்கப்பட்டது இன்னொரு ஓடையைத் தேடி, இதுவரை யானையே பார்க்காத ஊரில் போய் இறங்கும். அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ஆள் சாவது அப்படித்தான்.


கழுதுருட்டி எழுதியது:

எல்லையின் இந்தப் பக்கத்திலிருந்து. என் தாத்தா காலத்தில் அம்பநாடு எஸ்டேட்டுக்குத் தேயிலை வேலைக்கு வந்த குடும்பம். இப்போது கழுதுருட்டியில் இருக்கோம். எங்கள் பஞ்சாயத்தில் தமிழ் பேசுகிற குடும்பம் நிறைய.

புளியரை அண்ணன் எழுதினது வயல் பக்கம். காட்டின் பக்கம் எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன். இந்த ஆரியங்காவு கணவாய்க்கு வடக்கே இருக்கிறது பெரியாறு காடு. தெற்கே செந்துருணி, அதற்கும் தெற்கே அகத்தியமலை, களக்காடு முண்டந்துறை வரைக்கும் ஒரே காடு. இரண்டு பெரிய காட்டையும் சேர்க்கிற இடுப்பு இந்தக் கணவாய். இதிலே ஏற்கெனவே ரோடு ஒன்று, 1904இல் போட்ட ரயில் பாதை ஒன்று, ரப்பர் தோட்டம், கடை, வீடு எல்லாம் வந்து அடைத்துக்கிடக்கு. தெற்கே இருக்கிற யானைக்கும் வடக்கே இருக்கிற யானைக்கும் போக்குவரத்து ரொம்பவே குறைந்துபோனது இதனால்தான் என்று காட்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் பல வருஷமாகச் சொல்லிட்டு வர்றாங்க. தமிழ்நாடு அரசு 2022இல் அகத்தியமலையை யானைகள் காப்பகமாக அறிவித்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. வடக்கே ஒரு காப்பகம், தெற்கே ஒரு காப்பகம், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே வாசலில் நான்குவழி ரோடு. இதை யாராவது ஒரு மேப்பில் வைத்துப் பார்த்தார்களா?

யானையை மட்டும் சொல்லிட்டு விட்டுடாதீங்க. செந்துருணியில் சிங்கவால் குரங்கு இருக்கு. அது மரத்திலேயே வாழ்கிற ஜீவன். கிளைக்குக் கிளை தாவுகிற இடைவெளி போனால் ரோட்டில் இறங்கித்தான் கடக்கும், வண்டியில் அடிபடும். வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் இதே பிரச்சினை வந்தபோது, பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னி மரத்துக்கு மரம் பாலம் கட்டினாங்க. குரங்கு அதில் ஏறிப் போகப் பழகிடுச்சு. ஆனால் அது இரண்டு வண்டி விலகுகிற ரோடு. மேலே கிளைகள் கிட்டத்தட்ட கைக்கெட்டுகிற தூரம். 45 மீட்டர் வெட்டவெளிக்கு மேலே எந்தக் கயிறு போடுவாங்க?


சிவில் தம்பி எழுதியது:

சொந்த ஊர் கடையநல்லூர். வேலை ரோடு கான்ட்ராக்டில், வெளி மாநிலத்தில். இந்த ரோட்டோடு எனக்குச் சம்பந்தம் இல்லை. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

இப்போது இருக்கும் ரோடும் வடக்கு தெற்காகத்தானே போகிறது, அது தண்ணீரை அடைக்கவில்லையே என்று யாராவது கேட்கலாம். அந்த ரோடு தரையோடு தரையாக இருக்கிறது. பல இடத்தில் பெருமழைக்குத் தண்ணீர் ரோட்டின் மேலேயே வழிந்து போய்விடும். அந்தப் பாலங்களும் ஊர்க்காரர்கள் தண்ணீர் போகிற இடத்தைக் காட்டிக் காட்டி ஒவ்வொன்றாக வந்தவை. நான்குவழி அப்படி இல்லை. வேகம் வேண்டும், குறுக்கு ரோடுகள் அடியில் போக வேண்டும் என்பதற்காக மேடாக்கிக்கொண்டே போவார்கள்.

மண் கணக்கைப் பாருங்கள். மேலே 26 மீட்டர் அகலம், உயரம் 3 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு என்று வைத்தால் அடி அகலம் 38 மீட்டர். சராசரி 32. ஒரு கிலோமீட்டருக்கு 96,000 கன மீட்டர் மண். நம்ம ஊர்க் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) சுமார் 34,000 யூனிட். ஆறு யூனிட் டாரஸ் லாரியில் 5,600 நடைக்கு மேலே. ஒரே ஒரு கிலோமீட்டருக்கு. இந்த மண் எங்கிருந்து வரும்? சரள் குவாரியிலிருந்தும் குளங்களிலிருந்தும்தான். கன்னியாகுமரி மாவட்ட நான்குவழிச்சாலை இத்தனை வருஷம் இழுத்ததற்கு மண் தட்டுப்பாடு ஒரு பெரிய காரணம். குளத்தில் வண்டல் எடுப்பது நல்லது, விவசாயிக்கு உரமும் ஆகும். ஆனால் ரோட்டுக்கு எடுக்கும்போது வண்டலோடு நிற்பதில்லை. மடை மட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டால் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு வராது, அடியிலேயே கிடந்து வற்றும். ரோடு தொடாத குளமும் இப்படிக் கெடும்.

இன்னொன்று, வயல் மேல் மேடு எழுப்புவது. 2025 மே 19ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் தேசிய நெடுஞ்சாலை 66 சரிந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நெல்வயலின் மேல் எழுப்பின மேடு அது. அடியில் இருந்த மண் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் மேட்டுக்குப் பதிலாகத் தூண்கள் மேல் பாலமாகக் கட்ட முடிவானது. சரிவதற்கு முன்னேயே அந்த ஊர்க்காரர்கள் பாலம்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நம்ம நஞ்சையின் அடியில் இருப்பதும் களி. அதனால் "தூண் மேல் பாலம்" என்பது ஏதோ ஆடம்பரமான கோரிக்கை என்று யாரும் வாயை அடைக்க விடாதீர்கள்.

காட்டு விலங்கு விஷயத்திலும் முன்மாதிரி இருக்கிறது. நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டித் தேசிய நெடுஞ்சாலை 44 போகிறது. கோர்ட்டு வரை போய்ப் போராடின பிறகு, மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் அடியில் கடக்க 9 இடத்தில் பாலம் கட்டினார்கள். ஒன்று 750 மீட்டர் நீளம். பிறகு கேமரா வைத்துப் பார்த்ததில் புலி உட்பட 18 வகைக் காட்டு விலங்குகள் அவற்றைப் பயன்படுத்தியது பதிவானது. ஆக, முடியாது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. கேட்காமல் எதுவும் வராது என்பதும் அங்கே தெரிந்தது.


பதினாறு சக்கரம் எழுதியது:

தூண் மேல் பாலம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ராத்திரி வண்டி விடாதே என்று ஆரம்பிப்பீர்கள். சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விடுவதில்லை. பந்திப்பூரில் 2009இலேயே நிறுத்தினார்கள். வயநாட்டுக்காரர்கள் இன்னும் அதற்காகச் சுற்றிக்கொண்டு இருக்கிறார்கள். காய்கறி வண்டிக்கு ராத்திரிதான் வாழ்வு.


கழுதுருட்டி எழுதியது:

சேட்டா, அதனால்தான் முதலிலேயே பேசணும்னு சொல்றோம். யானை கடக்கிற இடத்தில் தரையில் நான்குவழி போட்டுட்டு, அப்புறம் நாலு யானை அடிபட்ட பிறகு கோர்ட்டு ராத்திரி அடைச்சா உங்களுக்கும் நஷ்டம், யானைக்கும் நஷ்டம். கணவாயில் இருக்கிற ரோட்டையே வளைவு நிமிர்த்தி, தடுப்புச் சுவர் பலப்படுத்தி, வேகத்தைக் கட்டுப்படுத்திக் கொடுக்கட்டும். சரக்கு கூடுதுன்னா பக்கத்திலேயே ரயில் இருக்கு. 2018இல் அகலப்பாதை ஆக்கி முடிச்சாங்க. பதிமூணு கண் பாலத்து மேலே கண்டெய்னர் ரயில் ஓட என்ன தடை, ஏற்றம் பிரச்சினைன்னா அதுக்கு என்ன வழி, இதையெல்லாம் ஆராயச் சொல்லிக் கேட்கிற ஆளே இல்லை.


கரிசல்காட்டான் எழுதியது:

நான் சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மானாவாரி விவசாயி. இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு கவலையைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடிவாரத்து விவசாயிகள் போராடும்போதெல்லாம் "மாற்றுப்பாதை, கிழக்கே தரிசு வழியாகக் கொண்டுபோ" என்று கேட்கிறார்கள். அந்தத் தரிசு என்பது எங்கள் நிலம். மழை பெய்தால் உளுந்து, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய். வருஷத்தில் ஒரு வெள்ளாமைதான், கிணறு கிடையாது, அதனாலேயே அது தரிசு ஆகிவிடுமா? நஞ்சைக்காரருக்குக் குரல் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. எங்களிடம் சர்வேயர் வந்து கல் நட்டால் யாரிடம் போவது என்றுகூடத் தெரியாது. வெட்டாந்தரை முயலும், நரியும், வெறுந்தரையில் முட்டையிடுகிற பறவைகளும் எங்கள் பக்கத்திலும் உயிர்தான். உங்கள் கழுத்தில் இருக்கிற கயிற்றைக் கழற்றி எங்கள் கழுத்தில் போடாதீர்கள்.


புளியரை வயக்காடு எழுதியது:

கரிசல்காட்டு அண்ணாச்சி, நீங்கள் எழுதியது நெஞ்சில் தைத்தது. போராட்டத்தில் மாற்றுப்பாதை என்று கேட்டவர்கள் உங்களுக்கு எதிராகக் கேட்கவில்லை, தண்ணீர் ஓடுகிற நிலத்தைக் காப்பாற்றக் கேட்டார்கள். ஆனாலும் உங்கள் பேச்சு சரி. ஆகவே கோரிக்கையை இப்படி வைப்போம் என்கிறேன்: இருக்கிற ரோட்டை எங்கெங்கே அகலப்படுத்த முடியும் என்று முதலில் ஊர் ஊராகக் காட்டட்டும். முடியாத ஊர்களில் மட்டும் புறவழி. புறவழி எந்தப் பக்கம் என்பதை அந்தந்த ஊர்க் கிராம சபையில் வைத்துப் பேசட்டும். ராஜபாளையத்திலிருந்து எல்லை வரை ஒரே மூச்சாகப் புதுக்கோடு போடுவது வேண்டாம், மேற்கேயும் வேண்டாம், கிழக்கேயும் வேண்டாம்.


தென்காசி வக்கீல் எழுதியது:

நல்ல விவாதம். ஆனால் இதில் பாதியாவது உரிய நேரத்தில் உரிய காகிதத்தில் ஏற வேண்டும். பலர் என்னிடம் வரும்போது காலம் கடந்துவிடுகிறது. அதனால் சட்டம் எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன்.

நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி. முதலில் 3ஏ அறிவிக்கை. எந்த ஊர், எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். அரசிதழிலும், ஒரு தமிழ் நாளிதழ் உட்பட இரண்டு நாளிதழ்களிலும் வரும். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் 3சி பிரிவில் ஆட்சேபணை எழுத்தில் கொடுக்க வேண்டும். நேரில் விசாரணை கேட்கும் உரிமை உண்டு, வக்கீல் வைத்தும் பேசலாம். ஆட்சேபணைகளை முடித்த பிறகு 3டி. அந்த அறிவிப்பு வந்த நிமிஷமே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும், பணம் கைக்கு வந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் அந்த 3ஏ காலாவதி.

3சி விசாரணையில் "விலை போதாது" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். அங்கே கேட்பது, இந்த நிலத்தை இந்தக் காரியத்துக்கு எடுக்கலாமா கூடாதா என்பதை மட்டும். அதனால் புளியரை அண்ணன் சொன்ன தண்ணீர் விஷயம்தான் அங்கே சரியான ஆட்சேபணை. "என் சர்வே எண்ணில் இன்ன குளத்துக்குப் போகும் கால் இருக்கிறது, அது அடைபட்டால் இத்தனை ஏக்கர் ஆயக்கட்டு (பாசன நிலம்) பாதிக்கும்" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2013 நிலமெடுப்புச் சட்டம் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. இருபோகப் பாசன நிலத்தைக் கடைசி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சாலை, ரயில், கால்வாய், மின்தடம் போன்ற நீள்கோட்டுத் திட்டங்களுக்கு அது பொருந்தாது என்று அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடும் நெடுஞ்சாலைச் சட்டத்துக்குக் கிடையாது. இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் மட்டும் 2015 முதல் பொருந்தும். இழப்பீட்டுக்கு மேலே 100 சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. பழைய எடுப்புகளுக்கும் ஆறுதல் தொகை, வட்டி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தர்சேம் சிங் வழக்கில் சொன்னது.

சேலம்–சென்னை எட்டுவழிச்சாலை வழக்கை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 277 கிலோமீட்டர் திட்டம். 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று சொல்லி அறிவிக்கையைச் செல்லும் என்றது. கோர்ட்டு மட்டும் போதும் என்று இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் சாலை இன்றும் போடப்படாமல் இருப்பதற்கு அந்த ஐந்து மாவட்ட மக்கள் விடாமல் நின்றதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

புதிய தேசிய நெடுஞ்சாலைக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முன் அனுமதி வேண்டும். அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பேசுகிற ஒவ்வொன்றும் பதிவாகும். கழுதுருட்டிக்காரர் சொன்ன கணவாய் விஷயத்துக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 38ஓ பிரிவு இருக்கிறது: புலிகள் காப்பகங்களை இணைக்கும் பகுதியை, தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் புலிகள் ஆணையத்தின் ஆலோசனையும் இல்லாமல் வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது. காட்டு நிலம் என்றால் 2006 வன உரிமைச் சட்டப்படி பளியர் போன்ற பழங்குடியினரின் கிராம சபையும் கணக்கில் வர வேண்டும்.


எலுமிச்சைத் தோட்டம் எழுதியது:

வக்கீல் சார், ஒரு கேள்வி. நாங்க புளியங்குடி. நிலம் எங்களுது இல்ல, குத்தகை. எலுமிச்சை எட்டு வருஷ மரம், நான் வச்சு வளர்த்தது. குத்தகைக்குப் பத்திரம் எதுவும் எழுதல, வாய்ப்பேச்சுதான். நிலத்துக்காரங்க மெட்ராஸ்ல இருக்காங்க. பணம் வந்தா அவங்க பேருக்குத்தான் வரும். நாங்க போராட்டத்துக்குப் போனா நீங்க யார், உங்களுக்கு என்ன நிலம்னு கேக்காங்க. மரத்துக்குத் தோட்டக்கலைக்காரங்க போடுற விலையாவது எனக்கு வருமா?


தென்காசி வக்கீல் எழுதியது:

தங்கச்சி, பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதில் நிலம் இல்லாத குத்தகைதாரர், விவசாயக் கூலி எல்லோரும் அடக்கம் என்று 2013 சட்டம் சொல்கிறது. எடுப்புக்கு முன் மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் இரண்டாவது அட்டவணைப்படி வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் குறைந்தது 2,000 ரூபாய் என்று உரிமை இருக்கிறது. கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிந்திருந்தால் வேலை சுலபம். பதியாததால் உரிமை போய்விட்டது என்று அர்த்தமில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் சாகுபடிதாரர் பெயர் யார் என்று முதலில் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் இந்த வெள்ளாமையிலேயே ஏற்றச் சொல்லி மனு கொடுங்கள். எலுமிச்சை மண்டியில் உங்கள் பெயரில் போட்ட சிட்டைகள், உரக்கடை ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள்.


பதினாறு சக்கரம் எழுதியது:

நான் ரோடு வேண்டும் என்கிற கட்சிதான், இன்றைக்கும் அதுதான். ஆனால் இந்தத் தங்கச்சி மாதிரி ஆளுக்கு ஒன்றும் கிடைக்காமல் போவதை ஏற்க முடியாது. கணவாயில் இருக்கிற ரோட்டையே நிமிர்த்தி, ஊர்களுக்குப் புறவழி போட்டால் எங்கள் தொழிலுக்குப் போதும். மணிக்கு நூறில் போய்த்தான் வெண்டைக்காய் விற்கணும் என்று எங்களுக்கு இல்லை.


சிவில் தம்பி எழுதியது:

ஒரு யோசனை. தமிழ்நிலம் இணையதளத்தில் சர்வே எண் போட்டால் புலப்படம் (நில அளவைப் படம்) கிடைக்கிறது. அதில் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எல்லாம் தனி எண்ணோடு இருக்கும். 3ஏ பட்டியலில் இருக்கிற எண்களை வரிசையாக எடுத்து, ரோடு எங்கெங்கே காலையும் மறுகாலையும் வெட்டுகிறது என்று ஊர்வாரியாக ஒரு படம் போட்டுவிடலாம். படத்தை நான் வரைந்து தருகிறேன். ஆனால் புலப்படத்தில் இல்லாத ஓடைகள் உண்டு, பெருமழைக்கு மட்டும் ஓடுவது. அது அந்தந்த ஊர்ப் பெரியவர்களுக்கும், வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிடுகிற நீர்ப்பாய்ச்சிக்கும்தான் தெரியும். அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்து, இருக்கும் பாலத்தின் கண் எத்தனை, அகலம் எவ்வளவு, 2023 டிசம்பர் மழைக்குத் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று குறித்து அனுப்புங்கள். டிசைன் செய்கிறவர்கள் வறண்ட மாதத்தில் வந்து அளந்துவிட்டு ஒரு மீட்டர் பைப் போதும் என்று எழுதிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.


வடகரை பாய் எழுதியது:

மேக்கரையிலிருந்து பண்பொழி வரை நான் பார்த்துக்கொள்கிறேன். யானை இறங்குகிற ஓடைகளையும் அதே படத்தில் வேறு நிறத்தில் போடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே இடமாகத்தான் இருக்கும். தண்ணீருக்கு என்று கேட்கிற பாலத்தை அகலமாகவும் உயரமாகவும் கேட்டால் யானைக்கும் ஆகும்.


கழுதுருட்டி எழுதியது:

கோட்டவாசலிலிருந்து தென்மலை வரைக்கும் எங்க பக்கத்து ஆட்கள் செய்றோம். மலையாளத்திலும் ஒன்று எழுதித் தர்றேன். இரண்டு மாநிலமும் தனித்தனியா அனுமதி கேட்டால், கணவாயைப் பாதி பாதியாத்தான் பார்ப்பாங்க. எல்லையின் இரண்டு பக்கத்து மனுவும் ஒரே படத்தோடு போகணும்.


புளியரை வயக்காடு எழுதியது:

எல்லோரும் சொன்னதை வைத்து மனுவின் நகல் எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"எங்கள் பகுதியில் மலையிலிருந்து கிழக்கே இறங்கும் ஆறு, கால், மறுகால் அனைத்தையும் இத்திட்டத் தடம் குறுக்கே வெட்டுகிறது. இணைப்பில் கண்ட படத்தில் ஒவ்வொன்றும் அதன் ஆயக்கட்டும் குறிக்கப்பட்டுள்ளன. எனவே இருக்கும் சாலையை அகலப்படுத்துவதும் தேவையான ஊர்களுக்கு மட்டும் புறவழி அமைப்பதும் ஆராயப்பட்ட பின்னரே வேறு தடம் பேசப்பட வேண்டும். நஞ்சையிலும் ஓடைகளிலும் மண்மேடு கூடாது, தூண்கள் மேல் பாலம் வேண்டும். ஆரியங்காவு கணவாயில் புதுத் தடம் கூடாது, இருக்கும் பாதையைப் பாதுகாப்பாகச் சீரமைக்க வேண்டும். பாசனக் குளங்களில் மடை மட்டத்துக்குக் கீழே சாலைக்கு மண் எடுக்கத் தடை வேண்டும். மானாவாரி நிலத்தைத் தரிசு எனக் கருதி மாற்றுத் தடம் முடிவு செய்யக் கூடாது. குத்தகைதாரர்கள் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகப் பதிவு செய்யப்பட வேண்டும்."


கரிசல்காட்டான் எழுதியது:

எங்கள் பக்கத்து வரியைச் சேர்த்ததற்கு நன்றி. எங்கள் ஊரில் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.


எலுமிச்சைத் தோட்டம் எழுதியது:

கடைசி வரியில் குத்தகைதாரர்னு மட்டும் இருக்கு அண்ணாச்சி. வாரத்துக்கு விதைக்கிறவங்க, நடவுக்கும் களை எடுக்கவும் போற பொம்பளைங்க பேரையும் சேருங்க. அடங்கல் பார்க்க நாளைக்கு விஏஓ ஆபீஸுக்குப் போறேன், கூட இன்னும் ஏழெட்டுப் பேர் வாராங்க.